இறுதித் தீர்ப்புக்குப் பின்: கொலை வழக்குகளில் சீராய்வின் வளர்ச்சியும் எல்லையும்

கொலை வழக்கில் அமர்வு நீதிமன்றம் தண்டனை விதிக்கிறது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்கிறது. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. அதன்பின் தண்டிக்கப்பட்டவருக்கு எஞ்சும் வழி என்ன? இந்தியாவில் இவ்வழி 1950க்குப் பின் சிறிது சிறிதாக அகன்றுள்ளது. எனினும் அதை அகலச் செய்தது பெரும்பாலும் தண்டனையின் கடுமைதான். தீர்ப்பின் மீது எழும் ஐயம் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கையெழுத்துக்குப் பின்

கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை தவிர வேறெதையும் நீதிமன்றம் திருத்தக் கூடாது என்றது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 369ஆம் பிரிவு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 362ஆம் பிரிவானது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 403ஆம் பிரிவாகத் தொடர்கிறது. தன் தீர்ப்பைத் தானே சீராயும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 137ஆம் கூறு உச்ச நீதிமன்றத்துக்கு வழங்கியது. ஆனால் 1966ஆம் ஆண்டு விதிகள் அதைக் குறுக்கின. உரிமையியல் வழக்கில் புதிய சான்று கிடைத்தாலும் சீராய்வு கோரலாம். குற்றவியல் வழக்கில் ஆவணத்தைப் பார்த்ததுமே புலப்படும் பிழை இருந்தால் மட்டுமே கோரலாம். நிலத் தகராறில் செல்லுபடியாகும் காரணம் தூக்குத் தண்டனையில் செல்லாது என்ற நிலை இதனால் உருவானது.

சீராய்வு மனுக்களை வாய்மொழி வாதமின்றி, நீதிபதிகள் தம் அறையிலேயே சுற்றுக்கு விட்டு முடிவு செய்யும் முறை 1978இல் வந்தது. 1980இல் பி.என்.ஈஸ்வர ஐயர் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு இம்முறையை ஏற்றது. அத்துடன், அனுமதி பெற்றுப் பின்னர் சேர்க்கப்படும் ஆதாரங்களும் ‘ஆவணம்’ என்பதில் அடங்கும் என நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் விளக்கி, விதியின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தினார்.

தன் பிழையைத் தானே திருத்துதல்

அடுத்த இரு திருப்பங்களும் கொலை வழக்குகளில் நிகழவில்லை. நீதிமன்றத்தின் பிழையால் எவரும் பாதிக்கப்படக் கூடாது என்ற கோட்பாடு 1988இல் முன்னாள் முதல்வர் அந்துலே மீதான ஊழல் வழக்கில் நிலைபெற்றது. 2002இல் ஹுர்ரா வழக்கு, ஒரு மணமுறிவுத் தகராறிலிருந்து, ‘கியூரேட்டிவ்’ மனுவைப் பிறப்பித்தது. சீராய்வு தோற்றபின் தாக்கலாகும் இம்மனுவுக்கு மூத்த வழக்கறிஞர் ஒருவரின் சான்று தேவை. இயற்கை நீதி மீறப்பட்டது, நீதிபதியின் சார்புநிலை ஐயத்துக்கு இடமளித்தது என்பன போன்றவையே ஏற்கத்தக்க காரணங்கள். ஆக, விசாரணை முறையில் நேர்ந்த குறையை இது சரிசெய்யலாம். சாட்சியத்தை மறுபடி எடைபோட இதில் இடமில்லை.

மரண தண்டனை என்ற திறவுகோல்

2014இல் ஆரிஃப் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு, மரண தண்டனை பெற்றோரின் சீராய்வு மனுக்களை வெளிப்படையாக, வாய்மொழி வாதத்துடன் விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுத, நீதிபதி செலமேஸ்வர் மாறுபட்டார். ஆயுள் தண்டனைக் கைதிகளுக்கு இவ்வுரிமை கிட்டவில்லை.

இதன் மதிப்பை 2019 காட்டியது. மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த கொலைகளுக்காக ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே மரண தண்டனையை உறுதி செய்திருந்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையைத் தூக்காக உயர்த்தியும் இருந்தது. 2018இல் சீராய்வில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு அறுவரும் விடுதலையாயினர். நேரில் கண்ட சாட்சி தொடக்கத்தில் காவல்துறைப் படங்களிலிருந்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தும், அவர்கள் விசாரிக்கப்படவில்லை. தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு ஆணையிடப்பட்டது.

இதற்கு மாறாக, கடலூர் மாவட்டச் சிறுவன் கொலை வழக்கின் சீராய்வில் 2023இல் தூக்கு மட்டுமே 20 ஆண்டுகளுக்குக் குறையாத, தண்டனைக் குறைப்பில்லா ஆயுள் சிறையாக மாறியது; குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது.

முடிவுரை

கேஹர் சிங் வழக்கு (1988), கருணை மனுவில் சாட்சியங்களைத் தாமே ஆராய்ந்து வேறு முடிவுக்கு வரக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் கருணை தண்டனையைத்தான் தொடும். நீதிமன்றத் தீர்ப்பு ஏட்டில் மாறாது. இங்கிலாந்திலோ 1997 முதல் இயங்கும் குற்றவியல் வழக்குகள் மறுஆய்வு ஆணையம் புதிய சான்றுகளைத் தேடி விசாரித்து, வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மீண்டும் அனுப்புகிறது. இந்தியாவில் அதற்கு நிகரான அமைப்பு இல்லை. 2019இல் விடுதலையான அறுவரும் தொடக்கத்திலிருந்தே ஆயுள் தண்டனை மட்டும் பெற்றிருந்தால், வெளிப்படையான சீராய்வு விசாரணையை உரிமையாகக் கோரியிருக்க முடியாது. குறைந்த தண்டனை பெற்றவருக்கு நிரபராதி என நிறுவும் வாய்ப்பும் குறைவாக இருப்பது, இறுதித்தன்மை என்ற கோட்பாட்டால் நியாயப்படுத்த முடியாத முரண்.