வெளியேற்றப்படுவோரும் அடைக்கப்படுவோரும்: திருநங்கையர், திருநம்பியர் – எண்ணிக்கை, பார்வை, சட்டம்

தமிழ்நாட்டில் திருநங்கை என்னும் சொல்லை அறியாதவர் அரிது. திருநம்பி என்னும் சொல்லை அறிந்தவரே அரிது. பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டுத் தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. இவ்விருவரையும் பிற பாலின அடையாளத்தினரையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல் திருநர். கல்லூரிக் கருத்தரங்குகளில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: திருநம்பியர் எண்ணிக்கையிலேயே குறைந்தவர்களா, அல்லது நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்களா? எண்ணிக்கையைப் பொறுத்தே நலத்திட்டமும் இடஒதுக்கீடும் சட்டமும் அமைவதால், இக்கேள்விக்கான விடை பலருடைய வாழ்வைத் தீர்மானிக்கிறது.

எங்கே எண்ணப்படுகிறது?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டோரில் 0.005 முதல் 0.014 விழுக்காட்டினரும், பெண் எனப் பதியப்பட்டோரில் 0.002 முதல் 0.003 விழுக்காட்டினரும் பாலின ஒவ்வாமை உடையோர் என்று குறிப்பிட்டது. இவ்வெண்களை மட்டும் பார்த்தால் திருநங்கையர் பல மடங்கு மிகுதி என்றே தோன்றும். ஆனால் இவை சிறப்பு மருத்துவமனைகளை நாடி வந்தோரைக் கொண்டு கணிக்கப்பட்டவை. மருத்துவமனை வாயிலை எட்ட முடியாதவர் இக்கணக்கில் இல்லை.

மக்களிடமே நேரடியாகக் கேட்டபோது கிடைத்த எண்கள் வேறு. கனடா தன் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் பிறப்புப் பாலினத்தையும் இப்போதைய பாலினத்தையும் தனித்தனியே கேட்டது. அதில் 31,555 பேர் திருநங்கையர். 27,905 பேர் திருநம்பியர். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 கணக்கெடுப்பில் இரு தரப்பினரும் ஏறக்குறைய 48,000 பேர் எனச் சமமாகவே பதிவாயினர். அங்குக் கேள்வியைச் சிலர் தவறாகப் புரிந்திருக்கக்கூடும் என அந்நாட்டுப் புள்ளியியல் துறை பின்னர் எச்சரித்தது. இந்த நாடுகளின் விகிதத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த இயலாது. எனினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: எண்ணிக்கை, எண்ணப்படும் இடத்தைப் பொறுத்தே மாறுகிறது.

இந்தியாவில் 2011 கணக்கெடுப்புதான் முதன்முறையாக ஆண், பெண் என்பவற்றுடன் 'மற்றவர்' என்னும் மூன்றாம் குறியீட்டை வைத்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவாயினர்; தமிழ்நாட்டில் 22,364 பேர். நாடளாவிய எண்ணிக்கையில் 78,811 பேர் பட்டியல் சாதியினர். 33,293 பேர் பழங்குடியினர். ஆனால் இவர்களுள் திருநங்கையர் எத்தனை பேர், திருநம்பியர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியே இல்லை. படிவம் அதைக் கேட்கவில்லை. மேலும், கணக்கெடுப்பாளருக்கு விடை சொன்னவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். ஆறு வயதுக்கு உட்பட்ட 54,854 குழந்தைகள் 'மற்றவர்' எனப் பதிவானதே, விடை சொன்னவர் தம்மைப் பற்றிச் சொல்லவில்லை என்பதற்குச் சான்று. மகள் என்று தந்தை சொன்ன ஒவ்வொரு திருநம்பியும் 'பெண்' என்றே பதிவாகியிருப்பார்.

பார்வைக்கு வந்த வரலாறு

திருநங்கையர் பார்வைக்கு வந்தது சலுகையால் அன்று. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், 'அலிகள்' என்று தான் வகைப்படுத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்தது. அச்சட்டத்தின் வரையறை ஆண் உடலோரை மட்டுமே குறித்தது. பிற்காலத்தில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களும் திருநங்கையரை நோய்த்தொற்று வாய்ப்பு மிகுந்த பிரிவினராகக் கணக்கிட்டன. குடும்பத்தால் துரத்தப்பட்டவர்களுக்கு ஜமாத் என்னும் மாற்றுக் குடும்பமும், கூவாகம் போன்ற கூடுமிடமும் இருந்தன. அந்த அமைப்பின் வலிமையே அவர்களை அரசியல் ஆற்றலாக்கியது. தமிழ்நாடு அரசு 2008-இல் நாட்டிலேயே முன்னோடியாக அமைத்த வாரியத்தின் பெயர் 'அரவாணிகள் நல வாரியம்'. அப்பெயரில் திருநம்பிக்கு இடமில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நால்சா தீர்ப்பு, தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அனைவருக்கும் உறுதிசெய்தது. ஆயினும் அத்தீர்ப்பு விரிவாக எடுத்துரைக்கும் வாழ்வு ஹிஜ்ரா, அரவாணி, கோத்தி, ஜோகப்பா சமூகங்களுடையதே. திருநம்பியரின் வாழ்வு அதில் ஏறத்தாழ இல்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கண்ணில் படுவது பாதுகாப்பு ஆகாது. தெருவில் தாக்கப்படுபவர், காவல் நிலையத்தில் இழிவுபடுத்தப்படுபவர், வாடகை வீடு மறுக்கப்படுபவர் எல்லாம் கண்ணில் படும் திருநங்கையரே. அவர்களுள் தலித் திருநங்கையர் இரட்டை இழிவைச் சுமக்கின்றனர். ஆகவே எவர் துன்பம் பெரிது என்று தராசில் நிறுத்துவது நம் நோக்கமன்று. இரு துன்பங்களின் வடிவம் வேறு என்பதே நாம் சொல்ல வருவது.

சாதியும் வீட்டின் கதவும்

அண்ணல் அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்னும் கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமே என்று நிறுவினார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காப்பதற்காகப் பெண்ணைக் கட்டுப்படுத்திய வழிகள் என்று அவர் விளக்கினார். அந்தப் பார்வையில் திருநம்பியின் நிலை தெளிவாகும். அவர் தம்மை ஆண் என்று அறிவித்தாலும், சாதிக் குடும்பத்துக்கு அவர் உடல் சொந்தச் சாதியில் மணமுடித்துத் தரப்பட வேண்டிய பெண்ணுடலே. பெண்மையை வெளிப்படுத்தும் மகனைக் குடும்பம் மானக்கேடு என்று வீதிக்குத் தள்ளுகிறது. ஆண்மையை வெளிப்படுத்தும் மகளையோ அதே மானத்தின் பெயரால் வீட்டுக்குள் பூட்டுகிறது. படிப்பு நிறுத்தப்படுகிறது, கைப்பேசி பறிக்கப்படுகிறது, திருமணம் அவசரமாக நிச்சயிக்கப்படுகிறது. தலித் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை நாம் நேர்மையுடன் ஏற்க வேண்டும்.

வெளியேற்றப்பட்டவர் தெருவில் தெரிகிறார். அடைக்கப்பட்டவர் தெரிவதில்லை. தப்பி வந்து ஹார்மோன் சிகிச்சை பெறும் திருநம்பியோ குரல் தடித்து, தாடி மீசை வளர்ந்து, கூட்டத்தில் ஓர் ஆணாகக் கலந்துவிடுகிறார். பள்ளி மாற்றுச் சான்றிதழை நீட்டும் நாளில்தான் அவர் மீண்டும் விசாரணைக்கு உள்ளாகிறார்.

சட்டம் எதைத் தீங்கெனக் கண்டது?

2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை திருநம்பியரையும் வெளிப்படையாகச் சேர்த்தது. ஆனால் அதன் பிரிவுகளைப் படித்தால் அது கற்பனை செய்த தீங்கு எது என்பது விளங்கும். பிரிவு 12, குடும்ப வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. பிரிவு 18, வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் துரத்துவதைக் குற்றமாக்குகிறது. வீட்டுக்குள் பூட்டி வைப்பதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் பிரிவு அதில் இல்லை. உடல், மனத் துன்புறுத்தல் என்ற பொதுக் கூற்றுக்குள்தான் அதைக் கொண்டுவர வேண்டும். அதற்கும் தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரைதான்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'பெண்'ணுக்கு மட்டுமே உரியது. அதன் பாதுகாப்பை நாடும் திருநம்பி, நீதிமன்றத்தில் தம்மைப் பெண் என்று சொல்லியாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குற்றம் செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராதவராக இருந்தால்தான் பொருந்தும். ஆதிக்கச் சாதி இணையரின் குடும்பம் தாக்கும்போது தலித் திருநம்பிக்கு அது கைகொடுக்கும்; சொந்த வீட்டின் அடைப்புக்கு எதிராகக் கைகொடுக்காது. வேலைவாய்ப்பிலும் இதே நிலைதான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய அறிவிக்கைகளின்படி, தம்மைப் பெண் என அறிவிக்கும் திருநர் மகளிருக்கான 30 விழுக்காட்டிலும் போட்டியிடலாம். ஆண் என அறிவிப்பவர் எஞ்சிய 70 விழுக்காட்டுப் பொதுப்பிரிவில் மட்டுமே போட்டியிட முடியும்.

கையில் உள்ள கருவிகள்

அடைத்து வைக்கப்பட்ட வயதுவந்த திருநம்பிக்காக நண்பரோ இணையரோ உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். முறையற்ற அடைத்து வைத்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்படி குற்றம். அதைச் செய்தவர் பெற்றோர் என்பதால் குற்றம் இல்லாமல் போவதில்லை. 2015-இல் தில்லி உயர் நீதிமன்றம், பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்டதாக முறையிட்ட 19 வயதுத் திருநம்பிக்குப் பாதுகாப்பு அளித்து, அவருடைய கடவுச்சீட்டைத் திருப்பித் தரச் செய்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணையும் முக்கியமானது: 'காணவில்லை' என்னும் புகார் பால்புதுமையரான வயதுவந்தோர் தம் விருப்பத்தால் சென்றது பற்றியதெனத் தெரிந்தால், காவல்துறை வாக்குமூலம் பெற்று, தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும். இவ்வாணையின் படியைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் கையில் வைத்திருப்பது நன்று.

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சாதியையும் பதிவு செய்யும் எனக் கூறப்பட்டுள்ளது. சாதியைக் கேட்பதற்காக நெடுங்காலம் போராடிய நாம், 'மற்றவர்' என்ற ஒற்றைக் கட்டம் போதாது என்றும், திருநங்கை, திருநம்பி என்று தனித்தனியே பதிய வேண்டும் என்றும், குடும்பத் தலைவர் காதில் விழாமல் விடை சொல்ல ஒரு வழி வேண்டும் என்றும் சேர்த்தே கோர வேண்டும். எண்ணப்படாதவர் இல்லாதவர் என்று எழுதப்பட்ட வரலாற்றை நாம் நன்கறிவோம். அதே வாதத்தை வேறொருவர் மீது நாம் பயன்படுத்தலாகாது.