ஏரிக்கரையும் தூண்டிலும்

கடலுக்கு வெகு தொலைவிலுள்ள நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் மீன் என்றால் ஏரி மீன்தான். கொள்ளிடத்து மீன் ஆற்றோர ஊர்களுக்குக் கிட்டும். மற்றவர்க்கெல்லாம் ஏரியே கடல். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஒழித்த நம் வீட்டு அடுப்புகளில் கொதித்த கெண்டையும் கெளுத்தியும் ஏரி தந்தவையே.

இங்குள்ள ஏரிகளுள் பேர்பெற்றது கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழகங்கம். முதலாம் இராசேந்திரன் கங்கை வரை பெற்ற வெற்றியின் நினைவாக வெட்டுவித்த இதனை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. அதன் கரை வடக்கு தெற்காக 16 மைல் நீண்டு கிடந்ததென்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் நீர் கொணர்ந்ததென்றும் 1855-இல் வெளியான ஆங்கிலேயர் கெசட்டியர் ஒன்று எழுதிவைத்தது. அப்போதே ஏரி பாழ்பட்டுக் காடு மண்டியிருந்தது. இன்று நாம் பொன்னேரி என்பது அதன் எச்சம்.

காற்றடி காலத்தில் அலை மோதினால் மண்கரை அரித்துப்போகும். ஆகவே பெரிய ஏரிகளில் நீர்ப்பக்கச் சரிவில் கல் பதித்தார்கள். அலையைத் தடுக்க வைத்த அந்தக் கல்லே தூண்டில்காரருக்கு ஆசனமாயிற்று! கல் இடுக்கில் குரவையும் கெளுத்தியும் ஒண்டும். மதகடியில் கெண்டை கூடும். கலிங்கு வழிந்தாலோ மீன் எதிரேறி வரும். அன்று ஊரே அங்குதான். ஒரு மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு போதும். விராலுக்கு மட்டும் சிறு தவளை வேண்டும். தக்கை முதலில் சற்றே ஆடும். அப்போது இழுப்பவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். அது முழுகும்வரை பொறுக்க வேண்டும்.

சரி, ஏரி மீன் யாருடையது? இது பழைய கேள்வி. ஏரி மீன்மேல் விதித்த பாசிப்பாட்டம் என்னும் வரியைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சில ஊர்களில் அவ்வருவாயை ஏரிப் பராமரிப்புக்கே விட்டார்கள். மீனைத் தின்றவரே கரையையும் காத்த அந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது என்பது எம் எண்ணம். பிற்காலத்தில் மீன்பாசி ஏலம் வந்தது. பணம் கட்டி, குஞ்சு விட்டு வளர்க்கும் குத்தகைதாரர் தூண்டில்காரரைக் கண்டு முகம் சுளிப்பதில் வியப்பில்லை. தலைமுறை தலைமுறையாக அக்கரையில் அமர்ந்தவருக்கு அது வருத்தமே. கோடையில் நீர் வற்றியபின் ஊத்தாவும் வலையுமாக ஊரார் சாதி பாராது சேற்றில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவில்தான் அந்த மனத்தாங்கல் சற்றுத் தணியும். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டையே இப்போது கூடையில் மிகுதி. நாட்டு மீனைத் தேட வேண்டியிருக்கிறது.

கரைவெட்டி ஏரியிலோ முதல் உரிமை பறவைகளுக்கு. புள்ளம்பாடி வாய்க்கால் நீர் பெறும் இந்தச் சரணாலயம், சுமார் 454 ஹெக்டேர் பரப்புடையது. 2024 சனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்து புல்லையும் பயிரையும் மேய்வது, மீனுக்குப் போட்டியிடாது. நாரையும் கூழைக்கடாவும் அப்படியல்ல. அவற்றுக்கு ஏலமும் இல்லை, குத்தகையும் இல்லை.