திரட்டியவர் காத்த நூல்கள்

நூல்களைப் படித்துச் செல்கையில் நெஞ்சைத் தொட்ட செய்யுளையோ வாக்கியத்தையோ தனியே எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. பின்னொரு நாள் அக்குறிப்பேட்டைப் புரட்டும்போது, பழைய நண்பரை எதிர்பாராது சந்தித்தாற்போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது. இதனை ஓய்வுநேர இன்பம் என்றே நாம் கருதுகிறோம். ஆயின் நம் நாட்டு இலக்கிய வரலாற்றை நோக்கினால், இந்தச் சிறு பழக்கம் எத்துணைப் பெரிய பணியைச் செய்திருக்கிறது என்பது விளங்கும்.

அச்சு இயந்திரம் வருமுன் நூல்கள் ஓலையில் வாழ்ந்தன. ஓலைக்கு ஆயுள் உண்டு. செல்லும் ஈரமும் அதனை அழித்துவிடும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். பெருங்காவியம் ஒன்றை முழுவதும் பெயர்த்தெழுத மிகுந்த உழைப்பும் பொருளும் வேண்டும். படிப்போர் குறைந்த காலத்தில் அவ்வுழைப்பை மேற்கொள்வார் இலராயினர். பல நூல்கள் இவ்வாறே மறைந்தன. அவற்றுட் சிலவற்றின் பகுதிகளேனும் எஞ்சியிருப்பதற்குக் காரணம், தாம் விரும்பிய பாடல்களைத் தெரிந்தெடுத்துத் தொகுத்த அன்பர்களேயாவர்.

அத்தகையோருள் ஒருவர் வித்யாகரர். வங்கத்து ஜகத்தள விகாரத்தோடு தொடர்புடைய பௌத்தத் துறவி. 1100-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்தவர். அவர் தொகுத்த ‘சுபாஷித ரத்னகோசம்’ என்னும் வடமொழித் திரட்டில் புத்தர்பிரானைப் போற்றும் பாடல்களோடு சிவபெருமானையும் திருமாலையும் பாடும் செய்யுள்களும் உள்ளன. பருவங்களின் அழகு, காதலர் ஊடல், ஏழைக் குடும்பத்தின் துன்பம் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. துறவியின் நெஞ்சம் கவிதைக்கு வேலி கட்டவில்லை. அந்த விகாரம் பின்னர் அழிந்தது. ஆயினும் திரட்டின் ஓலைப்பிரதி ஒன்று திபெத்தில் பிழைத்திருந்தது. 1930-களில் ராகுல் சாங்கிருத்யாயன் அங்கே அதனைக் கண்டார். அதன் ஒளிப்படங்களையும் நேபாளப் பிரதி ஒன்றையும் துணைக்கொண்டு, கணித அறிஞராகிய கோசாம்பியும் கோகலேயும் பதிப்பித்த நூல் 1957-இல் வெளிவந்தது.

அதே வங்கத்தில் 1205-ஆம் ஆண்டில் ஸ்ரீதரதாசர் ‘சதுக்தி கர்ணாமிருதம்’ என்னும் திரட்டை முடித்தார். அது இல்லையேல், அக்காலத்து வங்கப் புலவர் பலருடைய பெயரையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

தமிழிலும் இத்தகைய பேருதவி புரிந்த நூல் ஒன்று உண்டு, அதுவே புறத்திரட்டு. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதுவர். தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. திருக்குறளின் அதிகார அமைப்பைப் பெரிதும் தழுவி, பல நூல்களிலிருந்து எடுத்த செய்யுள்களை அவர் வகைப்படுத்தினார். 1938-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை ஆகியவற்றின் பாடல்கள் நமக்கு இதன்வழியே கிடைத்தன. மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே. அவற்றிற் பெரும்பாலானவற்றைக் காத்துத் தந்ததும் இத்திரட்டே. ஐம்பெருங்காப்பியங்களுள் குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றின் செய்யுள்கள் சிலவேனும் நம் கையில் இருப்பதற்குப் புறத்திரட்டே முதன்மைக் காரணம்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வளையாபதியில் நமக்குக் கிடைத்த பாடல்கள் பெரும்பாலும் அறம் உரைப்பன. கதை நிகழ்ச்சிகளைச் சொல்லும் செய்யுள்கள் மிகச் சிலவே. காவியம் முழுவதும் அறவுரையாக இருந்திராது. தொகுத்தவர் அறப்பாடல்களைத் தேடினார், அவையே பிழைத்தன. அவர் விட்டுச்சென்றவை ஏட்டோடு போயின. ஆகவே மறைந்த நூல் ஒன்றை நாம் காண்பது திரட்டியவரின் கண்களால்தான். அவர் விரும்பியது நமக்குச் செல்வமாயிற்று. அவர் விடுத்தது நமக்கு இழப்பாயிற்று.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. வடமொழித் திரட்டுகள் பெரும்பாலும் பாடலுக்குரிய புலவரின் பெயரைக் குறித்தன. நூலின் பெயரைக் குறிப்பது அரிது. புறத்திரட்டோ நூற்பெயரைக் குறித்தது. புலவர் பெயரைக் குறிக்கவில்லை. அதனால் அங்கே நூலை இழந்த புலவர்களும், இங்கே புலவரை இழந்த நூல்களும் நிற்கின்றனர். முத்தொள்ளாயிரத்தைப் பாடிய பெருங்கவிஞர் யாவர் என்பது இன்றும் தெரியவில்லை. ஒரு வரி கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் எல்லா நூல்களையும் சேர்த்து வைக்க இடம் இராது. ஊர் மாறும்தோறும் நூல்கள் குறைந்துகொண்டே போகும். குறிப்பேடு ஒன்று பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும். தமிழைப் பள்ளியில் பயிலும் வாய்ப்பில்லாத பேரக் குழந்தைக்கு, அதுவே தமிழிலக்கியத்தின் முதல் வாயிலாகவும் அமையலாம். நாம் விரும்பிய வரிகளை நாம் மகிழ்வதற்காகவே எழுதி வைப்போம். வித்யாகரரைப் போல் விருப்பத்தைக் குறுக்கிக்கொள்ளாது எழுதி வைப்போம். ஒவ்வொன்றின் கீழும் நூலின் பெயர், ஆசிரியர் பெயர் இரண்டையும் குறித்து வைப்போம்.