அகமதாபாத்து இல்லங்களின் நீர்ச் சேமிப்பு

நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இந்நகரம், சபர்மதி ஆற்றங்கரையில் 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷாவினால் நிறுவப்பெற்றது. ஆற்றங்கரை நகரமாயினும், அதன் மக்கள் குடிநீருக்கு ஆற்றை மட்டும் நம்பி வாழ்ந்தாரல்லர். மழைக்காலம் நீங்கியதும் அந்நாளில் ஆறு மெலிந்து மணற்பரப்பாகிவிடும். கிணறுகள் பலவற்றின் நீரோ உவர்ப்புடையது. ஆகவே, மூன்று நான்கு திங்கள் பெய்யும் மழையை ஆண்டு முழுமைக்கும் காத்து வைப்பது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவிற்கு அவர்கள் கண்ட விடையே ‘டாங்கா’. பழைய நகரின் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளில், வீட்டின் நடுமுற்றத்திற்கு அடியில் நிலவறை போன்ற தொட்டியொன்றைக் கட்டினர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நீர் கசியாவண்ணம் பூசினர். கூரையில் விழும் மழை குழாய் வழியே அதனுள் இறங்கும். முதல் மழை கூரைப் புழுதியைக் கழுவி வருமாதலின், அதனை வெளியே விட்டுவிட்டு, பின்னர் வரும் தூய நீரையே உள்ளே செலுத்துவர். வாயைக் கற்பலகையால் மூடிவிடுவர். வெளிச்சம் புகாமையால் பாசி படர்வதில்லை; மூடியிருப்பதால் கொசுவும் தூசியும் அணுகுவதில்லை.

இது எத்துணைப் பயனுடையது என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். 50 சதுர மீட்டர் கூரையின்மேல் 750 மில்லிமீட்டர் மழை பெய்யின், விழும் நீர் 37,500 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என வைத்தால், ஓராண்டின் தேவை 9,125 லிட்டரே. நான்கில் ஒரு பங்கைக் காத்தாலும் போதும்! குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர். பருகுவதற்கு மழைநீர் என்று அவர்கள் பிரித்து வைத்ததன் நுட்பம் இதுவே.

இவ்வறிவு இம்மண்ணிற்குப் புதிதன்று. கச்சுப் பகுதியிலுள்ள தோலாவிராவில் சிந்துவெளி மக்கள் வெட்டிய பெரும் நீர்த்தேக்கங்களை இன்றும் காணலாம். போர்பந்தரில் 1869-இல் காந்தியடிகள் பிறந்த இல்லத்திலும் நிலத்தடித் தொட்டி உண்டு. குஜராத்தி இல்லங்களில் குடிநீர்ப் பானைகள் வைக்குமிடத்திற்குப் ‘பாணியாரு’ என்று தனிப்பெயரே உளது. அவ்விடத்தில் விளக்கேற்றி வணங்கும் வழக்கமும் உண்டு. நீரைத் துணியால் வடிகட்டியே பருகுவது சமணர்தம் அறம்.

நகராட்சித் தலைவராயிருந்த ரண்சோட்லால் சோட்டாலாலின் முயற்சியால் 1891-இல் தூதேஸ்வரத்திலிருந்து குழாய் நீர் வரலாயிற்று. மக்களின் துன்பம் பெரிதும் தணிந்தது, நோய்களும் குறைந்தன. ஆயின், குழாய் வந்தபின் டாங்காக்கள் மெல்ல மறக்கப்பட்டன. பல தூர்ந்தன, பல வெறும் பண்டகசாலைகளாயின.

மறதியின் விலையை நாம் கண்டோம். 1986-இல் ராஜ்கோட் நகருக்கு இரயிலில் குடிநீர் கொண்டுசெல்ல நேர்ந்தது. 2019-இல் நம் சென்னைக்கும் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலிலேயே தண்ணீர் வந்தது. கட்டடந்தோறும் மழைநீர் சேமிக்க வேண்டுமெனத் தமிழ்நாடு 2003-இலேயே கட்டாயமாக்கியிருந்தும் இந்நிலை! சட்டம் செய்தால் மட்டும் போதாது. பேணுதலும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

அடுக்குமாடியில் வாழும் நமக்கு முற்றமும் இல்லை, நிலவறையும் இல்லை. எனினும், ஐவருக்கு மூன்று நாட்களுக்கான 75 லிட்டர், அதாவது 15 லிட்டர் கொள்ளும் குடங்கள் ஐந்து, எவ்வில்லத்திலும் அடங்கும். கலத்தை நன்கு கழுவி, தூய நீர் நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது புது நீர் மாற்றுதல் வேண்டும். ஐயம் தோன்றின் கொதிக்கவைத்தே பருகுக. குழாய் வறண்ட காலையில் குழந்தைக்கு ஒரு குவளை நீர் தருவதற்கு அரசையோ அண்டை வீட்டாரையோ எதிர்பாராதிருத்தல் சிறு செயலன்று. நமக்கு இடமளித்த இந்நகரம் அறுநூறு ஆண்டுகளாய்க் கற்பிக்கும் அப்பாடத்தை நம் மக்களும் கற்பாராக!