கேடரின்

விலங்குகளின் திசுக்களில் அடுத்தடுத்த செல்களைப் பிணைத்துவைக்கும் புரதக் குடும்பம். கால்சியம் இல்லாமல் இது செயல்படாது என்பதை ஜப்பானிய உயிரியலாளர் மசதோஷி தகேய்ச்சி 1970களில் கண்டறிந்தார்.

தோலிலும் குடலின் உட்பரப்பிலும் இருப்பது இ-கேடரின். செல்லுக்கு வெளியே இதன் ஐந்து பகுதிகள் வரிசையாக நீள்கின்றன. அவற்றின் இடைமூட்டுகளில் கால்சியம் அயனிகள் அமர்ந்தால்தான் அந்தத் தண்டு விறைத்து நிற்கும். நுனியிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம், எதிர்ச் செல்லின் கேடரினில் உள்ள சிறு குழிக்குள் செருகிக்கொள்ளும்; அதன் டிரிப்டோஃபான் இதன் குழிக்குள் செருகும். தனிப் பிணைப்பு வலுவற்றது. பல ஒன்றுகூடும்போதே திசு இழுவிசையைத் தாங்குகிறது. செல்லின் உள்ளே கேட்டனின் என்ற புரதங்கள் கேடரினை, செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளோடு இணைக்கின்றன.

இப்பிணைப்பு தளர்வதன் விளைவு கொடியது. பரம்பரை இரைப்பைப் புற்றுநோய் கண்ட நியூசிலாந்து மாவோரிக் குடும்பங்களில் இ-கேடரின் மரபணு பழுதுற்றிருந்தது 1998இல் தெரியவந்தது.