நெகட்டிவ் இல்லாத தாத்தா

உங்க வீட்டுல இருக்கறதுலயே பழைய போட்டோவை மனசுல கொண்டு வாங்க. தாத்தா நாற்காலியில கம்பீரமா உக்காந்திருப்பார், பாட்டி பக்கத்துல விறைப்பா நிப்பாங்க, பின்னாடி வரைஞ்ச திரை, ஓரத்துல ஸ்டூல் மேல ஒரு பூச்சாடி. சரி, இதோட நெகட்டிவ் எங்க?

அனேகமா பதில் கிடைக்காது. ஏன்னா அது நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல. ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் மட்டும்தான் கொடுப்பார். இன்னொரு காப்பி வேணும்னா திரும்ப அவர்கிட்டதான் போகணும். அதுதான் தொழில்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1839-ல பாரிஸ்ல டாகுவேர் முறை வெளிய வந்தப்போ, வெள்ளி பூசின செப்புத் தகடுல படம் நேரா விழும். ஒரே ஒரு படம், காப்பியே கிடையாது. இங்கிலாந்துல டால்பட் பிடிச்ச வழி வேற: முதல்ல நெகட்டிவ், அதுலேர்ந்து எத்தனை பிரிண்ட் வேணும்னாலும் போட்டுக்கலாம். கடைசியில ஜெயிச்சது டால்பட் வழிதான். 1871-ல மேடாக்ஸ்னு ஒரு டாக்டர் ஜெலட்டின் தடவின உலர் தகடைச் சொன்னார். அதுக்கப்புறம் தகடை ரெடிமேடா வாங்கி வச்சுக்கலாம்னு ஆச்சு, நம்ம ஊர்கள்லயும் ஸ்டூடியோக்கள் பெருகிச்சு.

அந்த ஸ்டூடியோக்கள் மூடினப்போதான் வந்தது வினை. கண்ணாடித் தகடுகள் குப்பைக்குப் போச்சு, எடைக்குப் போச்சு. பழைய நெகட்டிவ்ல வெள்ளி இருக்கே, அதை உருக்கி எடுக்கறதுக்குன்னும் போச்சு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல ஸோயி ஹெட்லி குழுவினர் 2010-கள்ல ஊர் ஊரா பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், 1880-லேர்ந்து 1980 வரைக்குமான படங்களை டிஜிட்டல் ஆக்கினாங்க. பணம் வந்தது பிரிட்டிஷ் நூலகத்தோட 'அழியும் ஆவணங்கள்' திட்டத்துலேர்ந்து. 2004-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரிஜினல் அந்தந்த நாட்டுலயே இருக்கும், காப்பி மட்டும்தான் லண்டன் போகும்.

ஆக, நெகட்டிவ் போன பிறகு நம்ம கையில இருக்கற பிரிண்ட்தான் ஒரிஜினல். திரும்பவும் டாகுவேர் காலத்துக்கே வந்துட்டோம், ஒரே ஒரு படம்! அதனாலதான் சொல்றேன், ஸ்கேன் பண்றதுங்கறது போட்டோவுக்கு மாற்று இல்ல, தொலைஞ்சு போன நெகட்டிவுக்கு மாற்று. பெரியப்பா வீட்டுல ஒரு படம் மாட்டியிருக்கும், சித்தப்பாவுக்கு வேணும், அத்தைக்கும் வேணும், யாரும் விட்டுத்தர மாட்டாங்க. பாகப்பிரிவினையே பண்ண முடியாத சொத்து அது. ஸ்கேன் பண்ணிட்டா எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு.

சுவாரசியமான விஷயம் என்னன்னா, கம்ப்யூட்டர்ல முதன்முதலா ஸ்கேன் ஆன படமே ஒரு குடும்பப் படம்தான். 1957-ல அமெரிக்காவுல ரசல் கிர்ஷ், தன்னோட மூணு மாசக் குழந்தை படத்தை ஸ்கேன் பண்ணினார். 176-க்கு 176, மொத்தம் 30,976 புள்ளி. இன்னைக்கு 6-க்கு 4 இன்ச் படத்தை 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணினா 86 லட்சம் புள்ளி!

எதுலேர்ந்து ஆரம்பிக்கறது? கலர்லேர்ந்து. 70, 80-கள்ல எடுத்த கல்யாண ஆல்பம் சிவந்து போயிருக்கும், அதுக்கு முந்தின கறுப்பு வெள்ளை இன்னும் பளிச்னு இருக்கும். கறுப்பு வெள்ளையில படமா நிக்கறது வெள்ளித் துகள், கலர்ல வெறும் சாயம். பீரோவுக்குள்ள இருட்டுல வச்சாலும் சாயம் மங்கும்.

ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்ட படத்தைப் பிச்சு எடுக்காதீங்க, ஜெலட்டின் உரிஞ்சு முகமே போயிடும். கண்ணாடியோடயே, ஃபிளாஷ் இல்லாம, பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுங்க. ஒரு பிரதியை டிஃப் ஃபார்மட்ல வைங்க, ஜேபெக் அனுப்பறதுக்கு மட்டும். மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்ல. ஒரே இணையதளத்தை மட்டும் நம்பாதீங்க: ஆர்க்குட்டை 2014-ல மூடினாங்க, 2019-ல மைஸ்பேஸ் பழைய கோப்புகளையெல்லாம் தொலைச்சிட்டோம்னு சொல்லிடுச்சு.

இதெல்லாம் மெஷின் வேலை. மெஷினால ஆகாதது ஒண்ணு இருக்கு. படத்தோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சில்ல கிறுக்கின பேர் அங்கதான் இருக்கும். அங்க ஒண்ணுமே இல்லைன்னா, 'ரெண்டாவது வரிசையில மூணாவது ஆள் யாரு'ன்னு சொல்ல வீட்டுல ஒரே ஒருத்தர்தான் மிச்சம் இருப்பார், வயசு எண்பதுக்கு மேல. சாயம் மங்க இருபது வருஷம் ஆகும். அவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். ஸ்கேனர் அப்புறம் வாங்கிக்கலாம் மக்களே, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு அவர் பக்கத்துல போய் உக்காருங்க.