‘ஆம்’ என்ற சொல்லால் ஐரோப்பாவைப் பங்கிட்டவர்
(தாந்தேயின் ஓர் அத்தியாயத்துக்கு உரை)

1302இல் ஃபுளோரன்ஸ் நகரம் தாந்தேயை நாடுகடத்தியது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், ஊர் ஊராக அலைந்த காலத்தில், அவர் ‘தே வுல்காரி எலொக்வென்சியா’ என்ற நூலை எழுதத் தொடங்கினார். இலக்கணம் எதுவும் படிக்காமல் தாதி பேசக் கேட்டுக் குழந்தை பழகிக்கொள்கிறதே, அந்தப் பேச்சுமொழியின் பெருமைதான் நூலின் பொருள். எழுதியதோ லத்தீனில், படித்தவர்களிடம் வாதாட வேறு வழியில்லை. நூல் இரண்டாம் பாகத்தின் 14ஆம் அத்தியாயத்தோடு அறுந்துபோயிற்று. நாம் எடுத்துக்கொள்வது முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தை.

முதலில் வடக்கு. விவிலியம் சொல்லும் பாபேல் கோபுரத்து மொழிக் குழப்பத்துக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்தவர்கள் மூன்று மொழிகளைக் கொண்டுவந்தார்கள் என்கிறார். அவற்றுள் ஒன்று தன்யூப் நதிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் மேற்கு விளிம்புவரை பரவிற்று. ஸ்லாவியர், ஹங்கேரியர், ஜெர்மானியர், சாக்ஸன்கள், ஆங்கிலேயர் எல்லோரும் அதன் கிளைகள். ஏறக்குறைய அனைவரும் ‘ஆம்’ என்பதற்கு ‘இயோ’ என்கிறார்களே, அதுவே சான்று.

அந்த ‘ஏறக்குறைய’ நிறையச் சுமக்கிறது. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளில் ‘யா’ உண்டு. பழைய ஆங்கிலத்தின் ‘யே’ அதன் உறவு. அதுவரை சரி. ஆனால் ரஷ்யர் சொல்வது ‘தா’, போலந்துக்காரர் ‘தாக்’, செக் மக்கள் ‘அனோ’. ஹங்கேரியரின் ‘இகென்’ இந்தக் குடும்பத்திலேயே சேராது. அவர்களுடைய மொழி ஃபின்னிஷுக்குத் தூரத்துச் சொந்தம். ஆங்கிலேயர்கூட ஒரு காலத்தில் இரண்டு ‘ஆம்’ வைத்திருந்தார்கள். “போனாயா?” என்றால் ‘யே’, “போகவில்லையா?” என்று கேட்டு, போயிருந்தால் ‘யெஸ்’. பிறகு ‘யெஸ்’ இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டது. எதிர்மறைக் கேள்வியை மறுக்க ஜெர்மனில் ‘டோக்’, ஸ்வீடிஷில் ‘யூ’, பிரெஞ்சில் ‘ஸீ’ என்று தனிச்சொல் இன்றும் இருக்கிறது.

அடுத்தது கிழக்கு. அங்கே கிரேக்கர் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அவர்களுடைய ‘ஆம்’ எது என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அது ‘நே’. ஐரோப்பியரில் பெரும்பாலோர் காதில் மறுப்பாக ஒலிக்கும் சொல்.

மூன்றாவது பகுதிதான் அவருடைய சொந்த வீடு. மீதமுள்ள மக்கள் ஒரே மொழிக்காரர், ஆனால் இன்று மூன்றாகத் தெரிகிறார்கள்: ‘ஓக்’ என்போர் ஹிஸ்பானியர், ‘ஓயில்’ என்போர் பிரெஞ்சுக்காரர், ‘ஸீ’ என்போர் இத்தாலியர். (நம் காதுக்கு இந்த ‘ஸீ’ வசவு மாதிரிதான் கேட்கும்.) ‘ஹிஸ்பானியர்’ என்பதை அப்படியே ஸ்பெயின் என்று எடுத்துக்கொண்டால் இடறுவோம். ‘ஓக்’ பேசியவர்கள் தென் பிரான்ஸ்காரர்கள். அன்றைய கத்தலானிலும் ‘ஓக்’ இருந்தது. காஸ்டிலியர்களோ இத்தாலியரைப் போல ‘ஸீ’தான். லாங்க்தோக் என்ற மாகாணத்தின் பெயரே ‘ஓக் மொழி’ என்பதுதான்.

மூவரும் ஒரே மூலத்தவர் என்பதற்கு அவர் காட்டும் சான்று அழகானது. கடவுள், வானம், அன்பு, கடல், பூமி, வாழ்கிறான், சாகிறான் போன்ற பலவற்றை மூவரும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள் என்கிறார். ஒப்பியல் மொழியியல் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே, பொதுச்சொற்களை வைத்து உறவு கண்டுபிடிக்கும் முறை இங்கே இருக்கிறது.

அன்பிலும் கடலிலும் ஒத்துப்போகிறவர்கள் ‘ஆம்’ என்பதில் ஏன் பிரிந்தார்கள்? தாந்தே இதைக் கேட்கவில்லை. விடை லத்தீனில் இருக்கிறது: அதில் ‘ஆம்’ என்றே ஒரு தனிச்சொல் இல்லை. “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்று நாம் சொல்வதுபோல ரோமானியரும் வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னார்கள், அல்லது ‘அப்படித்தான்’ என்றார்கள். தாய் வைத்துப் போகாத பொருளைப் பிள்ளைகள் தனித்தனியே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. தெற்கே ‘இது’ என்ற பொருளுள்ள ‘ஹோக்’ போதும் என்று நினைத்தார்கள்; அது ‘ஓக்’ ஆனது. இத்தாலியர் ‘அப்படி’ என்ற ‘ஸிக்’கை எடுத்து ‘ஸீ’ ஆக்கினார்கள். போர்த்துக்கீசியரின் ‘ஸிம்’ அதன் உடன்பிறப்பு. வடபிரெஞ்சுக்காரர் ‘ஹோக்’கோடு ஆளையும் சேர்த்தார்கள்: நான் என்றால் ‘ஓ ஜெ’, அவன் என்றால் ‘ஓ இல்’. நாளடைவில் ‘அவன்’ மட்டும் எல்லோருக்குமாக நிலைத்துவிட்டது. “நீ வருவாயா?” என்றாலும் “அவன் அதை” என்று பதில்! அந்த ‘ஓயில்’ தேய்ந்து இன்றைய ‘உய்’. ருமேனியர் மட்டும் ஸ்லாவிய ‘தா’வைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். தாந்தே பிரிவினைக்குத் தேர்ந்த சொல் தற்செயலோ என்னவோ, அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

பத்தாம் அத்தியாயத்தில் மூன்று மொழிகளும் வழக்காட வருகின்றன. அங்கே ஒரு வேடிக்கை. லத்தீன் பிறகு அறிஞர்கள் கூடிச் செய்த இலக்கணமொழி என்பது தாந்தேயின் நம்பிக்கை. ஆகவே, அதை வகுத்தவர்கள் ஆமோதிக்க ‘ஸிக்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டதால், ‘ஸீ’ சொல்லும் இத்தாலியருக்கு ஒருவித முந்துரிமை உண்டு என்கிறார். உறவை மிகச் சரியாகப் பார்த்துவிட்டு, யார் தாய், யார் பிள்ளை என்பதில் தலைகீழாகப் போய்விட்டார். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. தெருவில் கேட்ட பேச்சு மாறிக்கொண்டேயிருந்தது. ஏட்டு லத்தீன் அசையாமல் நின்றது. அசையாத ஒன்றைக் கண்டால் யாரோ உட்கார்ந்து செய்தது என்றுதான் தோன்றும்.

வழக்கில் ஓயில் மொழி தன் உரைநடையையும் ஆர்தர் கதைகளையும் காட்டுகிறது. ஓக் மொழி, பேச்சுமொழியில் முதலில் கவிபாடியவர்கள் எங்களவர்கள் என்கிறது. ஸீ மொழியின் பக்கம் பிஸ்தோயா ஊர்க் கவி சீனோவும் ‘அவருடைய நண்பரும்’ நிற்கிறார்கள். நண்பர் வேறு யாருமில்லை, தாந்தேதான். தீர்ப்பை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு, அவர் இத்தாலிக்குள் நுழைகிறார். ‘ஸீ’காரர்களுக்குள்ளேயே குறைந்தது 14 பேச்சு என்று எண்ணி, ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்குகிறார். சொந்த ஊர்த் தஸ்கனியும் தப்பவில்லை.